சேமித்த பதிவுக்கு ஒரு 'திருத்து' பொத்தான் அவசியம்

அலுவலக மென்பொருள் ஒன்றை வடிவமைக்க உட்காரும்போதெல்லாம் முதல் சில கூட்டங்களிலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும். ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு பதிவை, அது நோயாளியின் விவரமாகவோ வாடிக்கையாளரின் கணக்காகவோ சரக்கின் விலையாகவோ இருக்கலாம், ஒருவர் திறக்கும்போது அதன் கட்டங்கள் எல்லாம் உடனே தட்டச்சு செய்யும்படி திறந்து கிடக்க வேண்டுமா? அல்லது முதலில் படிப்பதற்கு மட்டுமான பக்கமாக வந்து, 'திருத்து' என்ற பொத்தானை அழுத்திய பிறகே மாற்றங்களை ஏற்க வேண்டுமா? இன்றைய போக்கு முதல் வழியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு சொடுக்கு குறைந்தாலே அது முன்னேற்றம் என்று வடிவமைப்பாளர்கள் பலர் நம்புகிறார்கள். மருத்துவமனைகளுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் நெடுநாளாகப் படிவங்கள் செய்து கொடுத்துவரும் நான் இரண்டாவது வழியையே வற்புறுத்துகிறேன். ஒருமுறை சேமித்த பதிவு, அதை மாற்ற வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய, மாறக் கூடாது.

புதிதாகப் பதிவு போடும் படிவத்துக்கு இந்த விதி பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெற்றுப் படிவத்தைத் திறப்பவர் நிரப்பத்தான் திறக்கிறார். அங்கே இன்னொரு பொத்தானை வைப்பது அவருடைய நேரத்தை வீணடிப்பதாகும். பதிவு சேமிக்கப்பட்ட பிறகு அதன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதுதான் என் அக்கறை. வெளிநோயாளிப் பிரிவின் பதிவுக் கவுன்ட்டரில் ஒருவரின் பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை, கைபேசி எண் ஆகியவை ஒரே ஒரு முறை உள்ளிடப்படுகின்றன. அதன் பிறகு மருத்துவர் திறக்கிறார், ஆய்வகத்தில் திறக்கிறார்கள், மருந்தகத்தில் திறக்கிறார்கள், பில் போடுபவர் திறக்கிறார், காப்பீட்டுப் பிரிவில் திறக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் படிக்கத்தான் வருகிறார்கள். எப்போதோ ஒருமுறை, எண் மாறிவிட்டது என்றோ முகவரி மாறிவிட்டது என்றோ நோயாளி சொல்லும்போதுதான் திருத்தம் நேர்கிறது. படிக்க வருபவர்களே பெரும்பான்மையினராக இருக்கும் ஒரு பக்கத்தை, எப்போதாவது திருத்த வருபவரின் வசதிக்காகத் திறந்து போட்டு வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திறந்து கிடக்கும் படிவத்தில் தவறு எப்படி நுழைகிறது என்பதைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் புரியும். எண்ணுக்கான கட்டத்தில் கர்சர் நின்றுகொண்டிருக்கும்போது, பக்கத்தைக் கீழே நகர்த்தும் எண்ணத்தில் மவுஸ் உருளையைச் சுழற்றினால், பக்கம் அசையாமல் அந்த எண் மட்டும் ஏறி இறங்குவதைச் சில உலாவிகளில் காணலாம். விண்டோஸின் பழைய பாணிக் கீழ்விரி பட்டியல்களும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ரத்த வகைப் பட்டியலில் 'பி பாசிட்டிவ்' என்றிருந்தது, உருளை ஒரு பல் நகர்ந்த மாத்திரத்தில் அடுத்த வரியில் இருக்கும் 'பி நெகட்டிவ்' ஆகிவிடும். பார்கோடு ஸ்கேனரின் கதை இன்னும் மோசமானது. கணினியைப் பொறுத்தவரை அது ஒரு விசைப்பலகைதான். தான் படித்த எண்ணைக் கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே தட்டிவிட்டு, பெரும்பாலும் கடைசியில் என்டர் விசையையும் அதுவே அழுத்திவிடும். மருந்தகத்தில் வாடிக்கையாளரின் பக்கம் திறந்திருக்கும்போது, பில் பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பில் ஒரு மருந்துப் பெட்டியை ஸ்கேன் செய்தால், அந்தப் பெட்டியின் பதின்மூன்று இலக்க எண் வாடிக்கையாளரின் முகவரிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவை போதாதென்று, உலாவி தானாகவே நிரப்பித் தரும் வசதி வேறு. ஊழியரின் சொந்த மின்னஞ்சல் முகவரி நோயாளியின் கட்டத்தில் புகுந்திருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை நடந்ததே யாருக்கும் தெரியாது. தட்டச்சு செய்யும்போது நேரும் பிழைக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவர் கவனம் அந்தக் கட்டத்தின் மேல் இருக்கிறது. பல நேரம் அவரே பிடித்துவிடுவார். படிக்க வந்தவரின் கை பட்டு மாறிய கட்டத்தையோ யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதை மாற்றும் எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை. உள்ளீட்டைச் சரிபார்க்கும் விதிகளும் இங்கே கைகொடுக்காது. 'பி நெகட்டிவ்' என்பது முறையான ரத்த வகைதான். 450 ரூபாய் 449 ஆனாலும் அது முறையான விலைதான். சேமிக்கும்போது 'உறுதியாகவா?' என்று கேட்கும் பெட்டியும் உதவாது. அந்தப் பெட்டியைப் பார்த்தவுடன் 'ஆம்' என்று அழுத்துவதற்குக் கை பழகிவிட்டிருக்கும்.

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. ஒரே விசை ஒரு நேரம் ஒன்றையும் இன்னொரு நேரம் வேறொன்றையும் செய்யும்படி 'நிலைகள்' (மோட்ஸ்) கொண்ட மென்பொருள் மனிதரைத் தடுக்கி விழச் செய்யும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில், வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்று இன்று நாம் அன்றாடம் செய்யும் செயல்களுக்கு வடிவம் தந்தவர் அவர். தம் காரின் எண் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' (நிலைகள் வேண்டாம்) என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கொள்கைக்காகவே வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவர் எதிர்த்த தொல்லை எத்தகையது என்பதை 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ என்ற உரைத் திருத்தியைத் தொட்டவர்கள் அறிவார்கள். எழுதும் நிலையில் இருக்கிறோம் என்று நம்பி ஒரு சொல்லைத் தட்டினால், அதன் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாக மாறி, வரிகள் அழிந்து போகும். தரவுத்தளப் படிவங்களுக்கான ஆரக்கிள் ஃபார்ம்ஸில் வேலை செய்தவர்களுக்கும் இது பழகிய தலைவலி. எஃப் 7 விசை தேடும் நிலைக்குக் கொண்டுபோகும். எஃப் 8 தேடலை நிறைவேற்றும். தேடும் நிலையில் இருப்பதை மறந்து முழுப் பதிவையும் உள்ளிட்டு முடித்தவரின் உழைப்பு அப்படியே காற்றோடு போய்விடும்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளில் சேதம் எங்கே விளைகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விஐயில் இரண்டு நிலைகளுமே ஆவணத்தை மாற்றக் கூடியவை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தவறாக நினைத்தால் உள்ளதும் கெடும். பார்க்கும் நிலை, திருத்தும் நிலை என்ற பிரிவில் அந்த ஆபத்து ஒரு பக்கம்தான் உண்டு. திருத்தும் நிலையில் இருப்பதாக நம்பிப் பார்க்கும் நிலையில் தட்டுபவருக்கு ஒன்றும் நேராது. எழுத்து விழவில்லை என்று கண்டு பொத்தானை அழுத்துவார். அவருக்கு நட்டம் ஒரு நொடி. பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பித் திறந்த படிவத்தின் மேல் கை வைப்பவருக்கு நேரும் நட்டமோ பதிவின் உள்ளடக்கம். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'நிலைகள் கூடாது' என்று பொதுவாக விதி வகுப்பது டெஸ்லரின் கவலையையே தவறாகப் புரிந்துகொள்வதாகும். பயனர் தன்னை அறியாமல் செய்துவிடும் செயலிலிருந்து அவரைக் காக்கவே டெஸ்லர் விரும்பினார். சேமித்த பதிவைப் பொறுத்தவரை அந்தக் காவல் பார்க்கும் நிலையில்தான் இருக்கிறது.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் இதை வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் நிர்வாக மென்பொருளான எஸ்ஏபியில் விற்பனை ஆணையை உருவாக்க விஏ 01, மாற்ற விஏ 02, பார்க்க விஏ 03 என்று மூன்று தனிக் குறியீடுகள் உண்டு. சரக்கு விவரத்துக்கும் அதே ஒழுங்கில் எம்எம் 01, 02, 03. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டு சலித்துக்கொள்வார்கள் என்றாலும், பார்க்க மட்டும் உரிமை உள்ளவருக்கு 03 குறியீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நிர்வாகி நிம்மதியாக இருக்கலாம். நம் வங்கிகள் பலவற்றில் ஓடும் ஃபினாக்கிளில், பதிவைத் திறக்கும் முன்பே என்ன செய்யப் போகிறோம் என்பதை ஓர் எழுத்தால் சொல்ல வேண்டும்: சேர்ப்பதற்கு ஏ, மாற்றுவதற்கு எம், பார்ப்பதற்கு ஐ, சரிபார்த்து உறுதிசெய்வதற்கு வி. மாற்றியவரே அதை உறுதிசெய்ய முடியாது என்ற மேக்கர் செக்கர் முறை, மாற்றம் என்பது தனியான ஒரு செயல் என்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. எப்போது மாறியது என்றே தெரியாத ஒன்றை இரண்டாம் ஆள் எப்படிச் சரிபார்ப்பார்?

மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் எதிர்த்திசையில் போனது. அதில் படிவம் திறந்தபடியே இருக்கும். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு நகர்ந்தாலே மாற்றம் சேமிக்கப்பட்டுவிடும். இடது ஓரத்தில் தோன்றும் சிறிய பென்சில் குறி ஒன்றுதான், ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்தினால் அந்தக் கட்டமும் இருமுறை அழுத்தினால் முழுப் பதிவும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதை அறிந்த ஊழியர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அக்சஸிலும் படிவத்தின் பண்புகளில் திருத்தத்தை அனுமதிப்பதா என்ற தேர்வு இருக்கிறது. அதை 'இல்லை' என்று வைத்து ஒரு பொத்தானால் திறந்துவிடுவது சில வரி வேலைதான். கணக்கு மென்பொருளான டேலியில், நாள் புத்தகத்திலிருந்து ஒரு வவுச்சரைப் பார்ப்பதற்காக என்டரை அழுத்தினாலும், வழக்கமாக அது மாற்றும் திரையிலேயே திறக்கும். கட்டத்துக்குக் கட்டம் என்டர் தட்டிக்கொண்டே போவது நம் கணக்கர்களின் கைப்பழக்கம். பார்க்கத் திறந்த வவுச்சரையே கடைசி வரை தட்டிச் சென்று மறுபடி ஏற்றுக்கொள்வது மிக எளிதாக நடந்துவிடும்.

ஓடூ என்ற வணிக நிர்வாக மென்பொருளில் நடந்தது இந்த விவாதத்துக்கு அண்மைக்கால உதாரணம். 2022 அக்டோபரில் வந்த பதினாறாம் பதிப்பில் 'திருத்து' பொத்தானை எடுத்துவிட்டார்கள். பதிவைத் திறந்தால் நேராக மாற்றலாம், பக்கத்தை விட்டு அகன்றால் தானாகச் சேமிக்கப்படும். விற்பனைப் பிரதிநிதிகள் மகிழ்ந்திருக்கக்கூடும், அவர்களுடைய வேலை நாள் முழுதும் சிறு சிறு மாற்றங்கள்தான். ஆனால் பழைய பொத்தானைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே வெளியார் சிலர் கூடுதல் செயலிகளை எழுதி விற்கத் தொடங்கினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு நேர்மாறான திசையில், இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் நகர்ந்தது. அதன் நிர்வாகப் பக்கங்களில் ஒரு பதிவைப் பார்க்க வேண்டுமானாலும் மாற்றும் உரிமை தந்தே ஆக வேண்டும் என்றிருந்த நிலை 2018இல் வந்த 2.1 பதிப்பில் மாறி, 'பார்க்க மட்டும்' என்ற உரிமை தனியாகச் சேர்ந்தது. பார்ப்பதும் மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பது பலருடைய அலுவலகத் தேவையிலிருந்து எழுந்த கோரிக்கை.

திருத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் தெளிவாக அறியாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தெராக்-25 கதிரியக்கச் சிகிச்சைக் கருவியை விடக் கடுமையான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரின் புற்றுநோய் மையத்தில் நடந்தது இது. கருவியை இயக்கிய ஊழியர் அனுபவம் உள்ளவர், வேகமாகத் தட்டக் கூடியவர். அன்றைய நோயாளிக்கு எலெக்ட்ரான் கதிர் தர வேண்டும். பெரும்பாலான நோயாளிகளுக்கு எக்ஸ் கதிரே தருவதால் பழக்கத்தில் அதற்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். தவறைக் கவனித்ததும் மேல்நோக்கிய அம்பு விசையால் அந்தக் கட்டத்துக்குப் போய் எழுத்தை மாற்றினார். மற்றக் கட்டங்கள் சரியாக இருந்ததால் ரிட்டர்ன் விசையை வரிசையாகத் தட்டிக் கீழே வந்தார். திரை எல்லாம் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டியது. கருவியை இயக்கினார். 'மால்ஃபங்ஷன் 54' என்ற செய்தி வந்தது. நோயாளியின் உடலில் பாய்ந்த கதிரின் அளவு மிகப் பயங்கரமானது. சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். அடுத்த மாதமே அதே மையத்தில் இன்னொருவருக்கும் அதே கதி நேர்ந்தது.

கர்சர் திரையின் கடைசி வரியைத் தொட்டாலே உள்ளீடு முடிந்துவிட்டது என்று அந்த நிரல் முடிவு செய்துகொண்டது. உடனே கதிரை வளைக்கும் காந்தங்களை அமைக்கத் தொடங்கும். அதற்கு ஏறத்தாழ எட்டு நொடிகள் ஆகும். அந்த எட்டு நொடிகளுக்குள் ஒருவர் மேலே போய்த் திருத்திவிட்டுத் திரும்பினால், திரையில் புதிய விவரம் தெரியும், கருவியின் உள்ளே பழைய அமைப்பின் எச்சம் தங்கியிருக்கும். மெதுவாகத் தட்டுபவர்களுக்கு இந்தப் பிழை தோன்றவே தோன்றாது. அந்த மையத்தின் இயற்பியலாளரும் அதே ஊழியரும் சேர்ந்து, திருத்தும் வேகத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தனியான திருத்தும் நிலை ஒன்று இருந்திருந்தால் மட்டும் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை நீக்கியது உட்பட அங்கே வேறு குறைகளும் இருந்தன. ஆனால் 'உள்ளீடு முடிந்தது' என்பதை மனிதரிடம் கேட்காமல் கர்சரின் இடத்தை வைத்து ஊகித்த அந்த வழக்கம், இன்றைய தானியங்கிச் சேமிப்பிலும் வேறு உருவத்தில் தொடர்கிறது. பக்கத்தை விட்டு அகன்றால் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதும் ஊகம்தான்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இப்போது சட்டத்தின் பரிமாணமும் சேர்ந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிந்துவைக்கும், அணைக்க முடியாத தணிக்கைத் தடம் உள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று கம்பெனிகள் கணக்கு விதிகள் சொல்கின்றன. தடம் இருப்பது ஒன்று, அது படிக்கும்படி இருப்பது வேறு. கட்டத்துக்குக் கட்டம் தானாகச் சேமிக்கும் படிவத்தில் ஒரு முகவரி மாற்றமே பல வரிகளாகச் சிதறிவிடும். இடையில் கை பட்டு நேர்ந்த மாற்றமும் அதே தோற்றத்தோடு அவற்றுள் கலந்து கிடக்கும். திருத்து, சேமி என்ற இரு முனைகளுக்கு நடுவே நடப்பது ஒரே மாற்றமாகப் பதிவானால், யார், எப்போது, எதற்காக என்ற மூன்றையும் அதனோடு சேர்த்து எழுதலாம். காரணத்தைக் கேட்கும் ஒரு சிறு கட்டத்தை வைப்பதற்கும் அதுவே பொருத்தமான இடம்.

திருத்தும் நிலையை மோசமாகச் செய்து வைத்து, அதைக் காட்டியே அந்த யோசனையை நிராகரிப்பவர்கள் உண்டு. அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான இடங்களில் அது மோசமாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பார்க்கும் பக்கம் என்ற பெயரில் அதே பெட்டிகளைச் சாம்பல் நிறத்தில் மங்க வைத்துவிடுகிறார்கள். வயதான கண்களுக்கு அது தெரிவதில்லை. செயலிழந்த கட்டங்களுக்கு எழுத்தின் தெளிவு குறித்த வலை அணுகல் விதி (இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வகுத்தது) பொருந்தாது என்பதால் சோதனைக் கருவிகளும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. டேப் விசை அவற்றைத் தாண்டிப் போய்விடுவதால் திரை வாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற ஊழியர் அவை இருப்பதையே தவறவிடக்கூடும். பார்க்கும் பக்கம் உண்மையான பக்கமாக இருக்க வேண்டும்: கறுப்பு எழுத்தில், நகலெடுக்கத் தக்க, அச்சிட்டால் அப்படியே கையில் கொடுக்கத் தக்க பக்கம். திருத்தத் தொடங்கினால் ஒவ்வொரு விவரமும் தான் இருந்த இடத்திலேயே கட்டமாக மாற வேண்டும்; பக்கம் குலுங்கி வேறு அமைப்புக்குத் தாவினால் பயனர் தேடித் தவிப்பார். எந்த விவரத்தின் மேல் இருமுறை சொடுக்குகிறாரோ அந்தக் கட்டத்திலேயே கர்சர் போய் நிற்க வேண்டும். எக்செல் பழகியவர்களுக்கு எஃப் 2 விசை கையில் இருக்கிறது, அதையே வைத்துக்கொடுத்தால் எதிர்ப்பின் பாதி அடங்கிவிடும். மாறிய கட்டங்களுக்கு மட்டும் வேறு பின்னணி நிறம் தந்தால், சேமிக்கும் முன்பு என்ன செய்தோம் என்று ஒரு பார்வையில் தெரியும். 'ரத்து' உண்மையிலேயே எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

எல்லா இடத்திலும் இதை வற்புறுத்த மாட்டேன். தாளில் உள்ள ஆயிரக்கணக்கான வரிகளைத் திரையைப் பார்க்காமலேயே எண் விசைகளில் தட்டிக்கொண்டு போகும் டேட்டா என்ட்ரி ஊழியருக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொத்தான் என்பது கொடுமை. அவருடைய தொகுப்பு முழுவதும் ஒரே திருத்தமாகத் திறந்திருக்கட்டும். தொகுப்பை ஒப்படைத்த பின் பூட்டினால் போதும். மருத்துவரின் குறிப்புப் பகுதி, வேலைப் பட்டியலில் 'முடிந்தது' என்று தட்டும் பெட்டி, கைபேசி அமைப்புகளில் இருக்கும் சுவிட்சுகள் ஆகியவற்றுக்கும் இது தேவையில்லை. மாறியது உடனே கண்ணுக்குத் தெரிகிறதா, ஒரே தட்டில் திருப்ப முடிகிறதா, தவறானால் யாருக்கும் காயமோ நட்டமோ இல்லையா என்று பார்ப்பேன். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பொத்தானை எடுத்துவிடலாம்.

கடைசியாக, இருவர் ஒரே பதிவைத் திறக்கும் சிக்கல். பார்ப்பதும் திருத்துவதும் பிரியாத படிவத்தில், யார் மாற்ற வந்தார், யார் பார்க்க வந்தார் என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் பூட்டுப் போட்டு வேலையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் சேமித்தவர் முந்தையவரின் மாற்றத்தை ஓசையின்றி அழிக்க விட வேண்டும். எஸ்ஏபியில் மாற்றும் நிலைக்குப் போகும்போதுதான் பூட்டு விழும். இரண்டாவதாக வருபவருக்கு அந்த ஆணையை யார் கையாண்டுகொண்டிருக்கிறார் என்று பெயருடன் செய்தி வரும், பார்ப்பதற்கு எந்தத் தடையும் இருக்காது. ஒருவர் திருத்தத் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் என்ன செய்வது என்று வாடிக்கையாளர்கள் தவறாமல் கேட்பார்கள். சிறிது நேரம் அசைவில்லாவிட்டால் பூட்டு தானாக விலகும்படியும், அவர் அதுவரை தட்டியது அவருடைய கணினியிலேயே வரைவாகத் தங்கும்படியும் செய்துவிடுவேன். திரும்பி வந்து அவர் சேமிக்கும்போது பதிவின் பதிப்பு எண் மாறியிருந்தால், தம்முடைய மாற்றத்தையும் மற்றவருடைய மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து எது இருக்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுப்பார்.